கொலைகாரிக்காக ஒரு நவநாள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஷேர் ஆட்டோவில் கிடைத்தது. தாம்பரம் கிழக்கில் ஏறி கேம்ப் ரோடு போய்ச் சேர்வதற்குள், எனக்கு எதிரே முட்டி இடிக்க உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் கைப்பேசியில் பேசிக்கொண்டே வந்தார். ரகசியம் பேசத் தெரியாத குரல்.

“ஆமாடி, எல்லாரையும் நான்தான் கொல்றதா இருந்துச்சு. மொத்த அசோசியேஷனையும்! காபியிலயே! இப்ப வந்து, நீங்க யாரையும் கொல்ல வேணாம் மேடம், மன்னிச்சு விட்டுடுங்கன்னு சொல்றாங்க. எனக்கு எப்பிடி இருக்கும், நீயே சொல்லு.”

ஆட்டோ கப்சிப். டிரைவர் பாட்டை அணைத்தார். காய்கறிப் பையோடு இருந்த ஒருவர், “இங்கயே இறங்கிக்கிறேன்பா” என்று தன் ஸ்டாப்புக்கு ரொம்ப முன்னாலேயே குதித்துவிட்டார். நான் இறங்கவில்லை. எழுதுகிறவன் இறங்குவானா? என் வீட்டையும் தாண்டிப் போனேன்.

பதறாதீர்கள், சினிமா விஷயம். அந்த அம்மாள் படங்களில் சின்னச் சின்ன வேஷம் கட்டுகிறவர். ஒரு கிரைம் படத்தில் கொலைகாரி வேஷம் கைக்கு வந்து நழுவிவிட்டது. இறங்கிய இடத்தில் நானாகவே போய் அறிமுகம் செய்துகொண்டேன். கதை எழுதுகிறவன் என்றதும், “எழுதுங்க சார், நல்லா எழுதுங்க, நாலு பேருக்குத் தெரியட்டும்” என்று அங்கேயே, ஒரு பேக்கரி வாசலில், தொடங்கிவிட்டார்.

(இதில் அவர் சொன்னது பாதி, நான் சேர்த்தது பாதி. எது எது என்று கேட்காதீர்கள். எனக்கே இப்போது குழப்பம்.)

2

தொடங்கியதும் அடித்ததும்:

“வெள்ளை அங்கி அணிந்து, கையில் செபமாலையோடு, சாந்தமே உருவாக அருள்மேரி...” 

அடித்தேன். என்ன சாந்தம்? ஆட்டோக்காரர் பிரேக் போட்ட லட்சணத்துக்கு அவரை ஒரு பிடி பிடித்துவிட்டு இறங்கிய அம்மாள் அவர்.

“மாடம்பாக்கம் ஏரியில் ஒரு பிணம் மிதந்தது.”

இதுவும் போச்சு. கிரைம் படத்தைப் பற்றிய கதையாயிற்றே என்று பிணத்தோடு தொடங்கினேன். பிணம் என்றால் பெயர் வேண்டும். என்ன பெயர் வைத்தாலும் அது யாரோ ஒருவருடைய சித்தப்பா பெயராக இருக்கிறது. அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் பிணத்தையே ஏரியிலிருந்து வெளியே எடுத்துவிட்டேன்.

“தமிழ்த் திரைப்படங்களில் சிறுபான்மையினரின் சித்தரிப்பு என்பது...”

என் மனைவி தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, “யாருக்கு ஸ்பீச் எழுதித் தர்றீங்க?” என்றாள்.

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். இனிமேல் ‘அவர்’ கிடையாது, ‘அவள்’தான். கதைக்குள் வந்துவிட்டால் மரியாதை கொஞ்சம் குறையும், நெருக்கம் கூடும்.

3

அருள்மேரி சேலையூர்க்காரி. கணவர் அந்தோணிசாமி ரயில்வேயில் ஓய்வு பெற்று, மொட்டைமாடித் தொட்டிச் செடிகளோடு பேசிக்கொண்டிருக்கிறவர். மகளுக்குக் கல்யாணமாகி வீடு காலியான சமயத்தில், பக்கத்துத் தெருவில் நடந்த ஷூட்டிங்கை வேடிக்கை பார்க்கப் போனாள். ஓர் உதவி இயக்குநர் அவள் நெற்றியைப் பார்த்தார். பொட்டில்லை. “ஆன்ட்டி, சிஸ்டர் வேஷம் போடுறீங்களா?” என்று கேட்டார்.

அன்று மாட்டிய வெள்ளை அங்கிதான். கன்னியாஸ்திரி, நர்ஸ், அனாதை இல்லத்துத் தாய், மறுபடியும் கன்னியாஸ்திரி. கல்லறைத் தோட்டத்தில் கறுப்புக் குடை பிடித்தாள். குண்டடி பட்ட கதாநாயகர்களின் நெற்றியில் சிலுவை வரைந்தாள். வசனம் உண்டென்றால், “கர்த்தர் உன்னை ஆசீர்வதிப்பார் மகனே.” நாங்கள் கத்தோலிக்கர்கள், ஆண்டவர் என்றுதான் சொல்வோம் என்று ஒவ்வொரு படத்திலும் சொல்லிப் பார்த்தாள். காதில் வாங்க ஆள் இல்லை. அவள் ஆசீர்வதித்து முடித்த அடுத்த காட்சியில் ஒரு ரவுடி வருவான். பட்டன் திறந்த சட்டைக்கு நடுவே அவன் நெஞ்சிலும் ஒரு சிலுவை தொங்கும், பெரிசாக. நம் படங்களில் சிலுவை மாட்டியவர்களுக்கு இந்த இரண்டு உத்தியோகம்தான்.

நிஜத்தில் அருள்மேரிக்கு மன்னிப்பே வராது. தண்ணீர் லாரி வந்தால் முதல் குடம் அவளுடையது. யாராவது முந்தினால் அந்த ஆளோடு அடுத்த கிறிஸ்துமஸ் வரை பேச்சு இல்லை.

“ஒரே ஒரு தடவைங்க” என்று கணவரிடம் சொல்லுவாள். “நான் உள்ள வர்றேன். ஒண்ணுமே பண்ணல, சும்மா வர்றேன். தியேட்டர்ல அத்தனை பேரும் நிமிந்து உக்காரணும்.”

அந்தோணிசாமி செடியிலிருந்து தலையைத் தூக்காமல், “வீட்ல தினம் அதான் நடக்குது” என்பார்.

4

தீபலட்சுமி ஊரப்பாக்கத்துப் பெண். இயக்கப்போகும் முதல் படம். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் சங்கச் செயலாளராக வருகிறவர்களெல்லாம் வரிசையாகச் செத்துப்போகிறார்கள். கொல்வது மூன்றாம் மாடி ரோஸி டீச்சர், ஓய்வு பெற்ற கெமிஸ்ட்ரி ஆசிரியை. ஆயுதம், ஃபில்டர் காபி. (குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் ஒரு தடவையாவது உட்கார்ந்தவர்களுக்கு ரோஸி டீச்சர் மேல் கோபமே வராது.)

தேர்வுக்குப் போன அருள்மேரிக்குக் கொடுத்தது ஒரே வசனம். காபியை நீட்டி, “சக்கரை போதுமா?” என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான். கேமராக்காரப் பையனிடம் டம்ளரை நீட்டினாள். கேட்டாள். குரலை உயர்த்தவில்லை, முறைக்கவில்லை, தண்ணீர் லாரிக்காரரிடம் பேசுகிற அதே பாசத்தோடு கேட்டாள். அவன் வாங்கினான், அவள் முகத்தைப் பார்த்தான், டம்ளரை மெல்ல ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, “நான் காபி குடிக்கறதில்லக்கா” என்றான். தீபலட்சுமி கைதட்டிக்கொண்டே எழுந்தாள்.

“சூப்பர் ஆன்ட்டி! இன்னும் ரெண்டு மூணு பேரைப் பாக்கணும், பாத்துட்டு கால் பண்றேன்.”

இந்த இடைவெளியில்தான் கதை மாட்டிக்கொண்டது. காத்திருக்கச் சொன்னால் நாம் என்ன செய்வோம்? தூக்கம் வராமல் புரள்வோம். அருள்மேரி அன்பியத்தில் சொல்லிவிட்டாள்.

(தெரியாதவர்களுக்கு: ஒரு கோவிலைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பங்களைத் தெருவாரியாகப் பிரித்து, முறைவைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடிச் செபிப்பார்கள். அதுதான் அன்பியம். செபம் முடிந்ததும் அந்த வீட்டுக்காரர் கையால் காபி. இந்தக் காபியை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேண்டியிருக்கிறது.)

“பெரிய ரோல் ஒண்ணு வர்ற மாதிரி இருக்கு, எல்லாரும் வேண்டிக்கோங்க” என்றாள். என்ன ரோல் என்று ஒருவரும் கேட்கவில்லை. அருள்மேரி என்றால் அங்கிதானே, இந்தத் தடவை மடத்துத் தலைவியாக இருக்கும் என்று அவரவரே முடிவு கட்டிக்கொண்டார்கள். அன்பியப் பொறுப்பாளர் சாலமோன் சார் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. புனித அந்தோணியாருக்கு நவநாள் என்று அறிவித்துவிட்டார். ஒன்பது நாள், ஒன்பது வீடு, மெழுகுவத்தி, பாட்டு. கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து கேம்ப் ரோட்டுக்கு மீன் கொண்டுவரும் பாப்பாவும் சேர்ந்துகொண்டாள். “எங்கம்மனாண்டயும் சொல்லி வெச்சிக்கீறேன் மேரிக்கா. ரெண்டு பக்கமும் சொன்னா வேல சுருக்கா நடக்கும்.”

ஒன்பதாம் நாள் செபத்தின் நடுவிலேயே கால் வந்தது. ரோல் அவளுக்குத்தான்! ஒரே கூச்சல். அந்தோணிசாமி ஓடிப்போய்க் கேக் வாங்கி வந்தார். சாலமோன் சார் வாயில் கேக்கோடு கேட்டார்.

“அப்பிடி என்ன ரோல்மா?”

“கொலகாரி சார்! அத்தனை பேரையும் நானே கொல்றேன்!”

5

[அடித்தது: சாலமோன் சார் கேக்கைத் துப்பினார்.]

துப்பவில்லை. அவரைக் கோமாளியாக எழுத எனக்கு ஆசையாகத்தான் இருந்தது, ஆனால் அவர் பேசியது வேறு. கேக்கை விழுங்கிவிட்டு, தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார்.

“நான் ஸ்கூல்ல படிக்கறப்போ ஒவ்வொரு படம் வந்ததும் என்னை அந்த வில்லன் பேர் சொல்லித்தாம்மா கூப்பிடுவானுங்க. கடத்தல்காரன்னா நம்ம பேரு. சாராயம் விக்கிறவன்னா நம்ம பேரு. என் பையனுக்குப் பேர் வெக்கும்போது எத்தனை ராத்திரி யோசிச்சேன் தெரியுமா? இப்ப கொலகாரிக்கும் நம்ம பேரா? அதுக்கு நாமளே ஒன்பது நாள் முழங்கால் போட்டோமா?”

நியாயம். அருள்மேரி கேக் கத்தியைத் தட்டோரம் வைத்தாள்.

செய்த செபத்தைத் திரும்ப வாங்க முடியுமா என்று பேச்சு எழுந்தது. இன்னொரு நவநாள் செய்து முதல் நவநாளை ரத்து செய்யலாம் என்றார் ஒருவர். “ஆண்டவருக்கு வேற வேலை இல்லியா?” என்று சாலமோன் சார் அதட்டினார். நேரில் போய்ப் பேசுவது என்று முடிவாயிற்று. அருள்மேரி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, ஒரு வேன் பிடித்து ஊரப்பாக்கம் போய்விட்டார்கள்.

தீபலட்சுமி நல்ல பெண். சாலமோன் சார் சொன்னதைக் கேட்டுக் கண் கலங்கிவிட்டாள். பக்கத்தில் ஓர் ஆலோசகர் இருந்தார். படத்தை வாங்கப்போகும் நிறுவனம் அனுப்பியவர். யார் மனமும் புண்படாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. “மாத்திடலாம் சார், ஒண்ணும் பிரச்சினை இல்ல” என்றார்.

மாற்றினார்கள். ரோஸி டீச்சர் சில நாள் அபிதகுஜாம்பாளாக இருந்தாள். அந்தப் பெயருக்கும் மனம் புண்பட்டதாக எங்கிருந்தோ ஒரு போன் வந்தது. அப்புறம் ஊர் பெயர் தெரியாத ஒரு சுந்தரி. சுந்தரி பேசினால் எந்த ஊர் என்று தெரிந்துவிடுமே என்று ஆலோசகருக்குப் பயம். வசனத்தைப் பிடுங்கினார்கள். முகத்தைப் பார்த்தால் எந்த வகையறா என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று முகமூடி மாட்டினார்கள். கடைசியில் கொலைகாரி, பெயரும் பேச்சும் ஊரும் உறவும் இல்லாமல், முகமூடி போட்டுக் காபி கொண்டுவரும் ஓர் உருவம். முகமூடி போட்டவர் காபி நீட்டினால் யார் வாங்கிக் குடிப்பார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அருள்மேரியைக் கைவிடவில்லை. அவளுக்காகவே மூன்றாம் மாடியில் ஒரு புது ஆளைக் குடிவைத்தார்கள். ஒரு கன்னியாஸ்திரி. கடைசிக் காட்சியில் அவள் முகமூடியை மன்னிப்பாள்.

“ரொம்ப மரியாதையான சித்தரிப்பு மேடம்” என்றார் ஆலோசகர்.

அன்பியம் கைதட்டியது. அருள்மேரி ஷேர் ஆட்டோ ஏறினாள். அங்கேதான் நான் உட்கார்ந்திருந்தேன்.

6

அடுத்த செவ்வாய் அன்பியம் கூட வேண்டிய முறை, யார் வீடு? அருள்மேரி வீடு.

(இனி வருவது அவள் பிறகு போனில் சொன்னது, நான் ஜோடிக்கவில்லை. முறைப்படி அந்த வாரம் அவள் வீடுதான். ஜோடித்திருந்தால் இன்னும் நம்பும்படியாக ஜோடித்திருப்பேன்.)

செபம் முடிந்தது. அருள்மேரி அடுக்களையிலிருந்து தட்டோடு வந்தாள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு டம்ளர் கொடுத்தாள். எல்லாரும் உதட்டருகே கொண்டுபோன நேரம், சாலமோன் சாருக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“போன செயலாளர் கூட இதே நாற்காலிலதான் உக்காந்திருந்தார் சார்” என்றாள். “லிஃப்ட் எப்ப சரியாகும்னு கேட்டேன். பாக்கலாம் டீச்சர்னார். என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலின்னப்போ அந்த லிஃப்ட் மூணாவது மாடில நின்னு போச்சு. அவர் உள்ளயே இருந்தார். நான் வெளிய நின்னேன். கதவுக்கு அந்தாண்ட அவர் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டே இருந்தார். அப்புறம் கூப்பிடல.”

நிஜக் கணவர் அந்தோணிசாமி வாசலில் பூவாளியோடு நின்றுவிட்டார்.

“புதுச் செயலாளர் நீங்கதானாமே? சந்தோஷம். காபி ஆறுது பாருங்க.” குனிந்து அவர் டம்ளருக்குள் பார்த்தாள். “சக்கரை போதுமா?”

ஒரு டம்ளர்கூட உதட்டைத் தொடவில்லை. சாலமோன் சார் டம்ளரைச் சட்டென்று கீழே இறக்கியதில் காபி வேட்டியில் சிந்தியது. அதைத் துடைக்கவும் மறந்து, “அப்புறம்?” என்றார்.

“அப்புறம் இல்ல சார். மாத்திட்டாங்க.”

“யாரும்மா மாத்துனது? இவ்ளோ நல்ல சீனை எந்த மடையன் மாத்துனான்?”

அருள்மேரி அவரையே பார்த்தாள். சாலமோன் சாருக்கு மெல்ல விளங்கியது.

“அந்தம்மா பேரு ரோஸியா இருந்தா என்ன இப்ப?” என்றார், யாரிடமோ சண்டைக்குப் போகிற குரலில். “அவ வீட்டுக்காரன் செத்திருக்கான்யா! இது சும்மா கழுத்துல சிலுவையத் தொங்கவிட்டு வர்ற ரவுடி இல்ல. இவ ஒரு மனுஷி.” அப்புறம் தலையில் கைவைத்துக்கொண்டார். “நாம கேட்டோம், ஆண்டவர் குடுத்தார். நாமளே வேன் வெச்சுப் போய்த் திருப்பிக் குடுத்துட்டு வந்திருக்கோம்.”

“வேனை மறுபடி கூப்பிடட்டுமா சார்?” என்றார் அந்தோணிசாமி வாசலிலிருந்து.

7

வேன் மறுபடி ஊரப்பாக்கம் போனது. பாப்பாவும் மீன் கூடையை அருள்மேரி வீட்டில் இறக்கிவைத்துவிட்டு ஏறிக்கொண்டாள். கொலைகாரி எங்கள் ஆளாக இருக்கக் கூடாது என்று கேட்டவர்கள், எங்கள் ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று வந்து நின்றதும் ஆலோசகர் வெலவெலத்துப் போனார். இதற்கு அவரிடம் விதி எதுவும் இல்லை.

அந்தச் சமயம் பார்த்து பாப்பா முன்னால் வந்தாள்.

“எனக்கும் ஒண்ணு கேக்கணும் டைரக்டரம்மா. எந்தப் படத்த பாத்தாலும் எங்க குப்பத்து ஆளுங்கோ அருவாளத் தூக்கிக்கினு ஹீரோ பின்னாடியே ஓடறானுங்கோ. அடி வாங்கினு வுயறானுங்கோ. இன்னா இது பேஜாரு? மேரிக்கா கொல பண்ணட்டும், நான் வாணான்னு சொல்லல. ஆனா அத்த கண்டுபுடிக்கிற இன்ஸ்பெக்டர் ஒண்ணு கீதுல்ல? அத்த எனக்குக் குடு. வூட்டுக்கு வூடு போயினு இருக்கறவ நானு. எந்த வூட்ல இன்னா கொழம்புன்னு வாசல்லயே சொல்லுவேன், கொல எம்மாத்திரம்?”

தீபலட்சுமி சிரித்துச் சிரித்து நாற்காலியில் சரிந்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திப் பாப்பாவை மேலும் கீழும் பார்த்தாள். அருள்மேரி சொல்லக் கேட்டபோதே அந்தப் பார்வை எனக்குப் பிடித்துவிட்டது.

அப்புறம் ஆலோசகரிடம் சொன்னாள்: “சார், அடுத்த வாரம் செயலாளர் நாற்காலியில நீங்க உக்காருங்க. ஆன்ட்டி உங்களுக்குக் காபி குடுப்பாங்க. நீங்க குடிச்சிட்டீங்கன்னா முகமூடி. குடிக்கலேன்னா ரோஸி டீச்சர்.”

8

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

அ. ஆலோசகர் டம்ளரைத் தொடவே பயந்து ஓடுகிறார். அருள்மேரி ரோஸி டீச்சராகிறாள், பாப்பா இன்ஸ்பெக்டர். (எனக்கு இதுதான் ஆசை. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.)

ஆ. ஆலோசகர் மடக்கென்று குடித்துவிடுகிறார். முகமூடிக்குள் யார் இருந்தால் என்ன என்று அருள்மேரியே அதை மாட்டிக்கொள்கிறாள். தியேட்டரே நிமிர்ந்து உட்காருகிறது. அது அவள்தான் என்று ஒருவருக்கும் தெரியாது. (அழுகை வந்தது. அடித்துவிட்டேன்.)

இ. “ரோல் கிடைக்கவில்லை. ஆனாலும் அருள்மேரி சாலமோன் சாரை மன்னித்தாள். செவ்வாய்க்கிழமை மாலை, மெழுகுவத்தி வெளிச்சத்தில், அவள் முகத்தில் ஒரு அமைதி...”

மூன்றாவதுதான் இலக்கியமாக இருக்கிறது என்று தோன்றியது. எடுத்துக்கொண்டு சேலையூர் போனேன். அருள்மேரி சோபாவில் உட்கார்ந்து படித்தாள். படித்து முடித்துத் தாளை மடித்து என் பக்கமே தள்ளினாள்.

“ஏன் சார், நீங்களும் எனக்கு அந்த அங்கிய மாட்டிட்டீங்களே!”

எனக்குச் சுருக்கென்றது. பேனாவை எடுத்து அவள் கண் முன்னாலேயே குறுக்குக் கோடு போட்டேன்.

“அந்தாளை நான் மன்னிக்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல. ரோல் கையில வரட்டும், அப்புறம் பாக்கலாம்” என்றாள். “நாளைக்குத்தான் அந்த நாற்காலி சமாச்சாரம். ஒரு தடவை ஒத்திகை பாக்கணும், யாராச்சும் உக்காந்தா நல்லாருக்கும். இந்தத் தெருவுல இப்ப எவனும் என் கையால காபி குடிக்க மாட்டேங்கறான்.”

நான் உட்காரலாமா? என்னால் முடியாது. கதை முழுவதும் தெரிந்தவன். எனக்குப் பயம் வந்தாலும் அது கணக்கில் சேராது. ஆலோசகரை உட்காரவைத்து, அவர் குடித்தார் என்றோ குடிக்கவில்லை என்றோ எழுதவும் எனக்கு மனசில்லை. அந்த அம்மாளின் தலையெழுத்தை இன்னொரு தடவை வேறொருத்தர் எழுதுவதா?

அதனால், இவ்வளவு தூரம் கூடவே வந்துவிட்டீர்கள், நீங்கள் உட்காருங்கள். வாசலைப் பார்த்த நாற்காலி, மின்விசிறிக்கு நேர் கீழே. செருப்பை வெளியே விட்டுவிட்டீர்கள்தானே? அந்தோணிசாமி மாடிக்குப் போய்விட்டார். அடுக்களையில் டம்ளரில் ஸ்பூன் சுற்றுகிற சத்தம் கேட்கிறது. இதோ நிற்கிறது. அவள் வருகிறாள். ஒன்றும் செய்யவில்லை, சும்மாதான் வருகிறாள். அங்கி இல்லை, முகமூடி இல்லை, ஒரு பூப்போட்ட காட்டன் புடவை. டம்ளரை உங்கள் கையில் கொடுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து, உங்கள் முகத்தையே பார்க்கிறாள்.

“சக்கரை போதுமா?”